மூச்சைப் பிடிக்காதே

சிலிண்டர் காற்றோடு கடலுக்கடியில் நீந்தப் பழக்கும் ஸ்கூபா வகுப்பில் முதல் நாள், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டிய விதி ஒன்று உண்டு. தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடிக்காதே. இழு, விடு, இழு, விடு. மீன் முகத்துக்கு நேரே வந்து நின்றாலும் சரி, மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் சரி, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தமானில் பயிற்றுநராக இருந்த வருடங்களில் இதை ஒரே நாளில் நான்கு முறைகூடச் சொல்லியிருக்கிறேன். தேனிலவுக்கு வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு வந்த ஒரு தலைமையாசிரியர் என்று எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம், பாம்பன் தீவில் பன்னிரண்டு பிள்ளைகள் முன்னால் நின்று அதையே சொன்னேன். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்கம்மா மூச்சப் பிடின்னுதான சொல்லும்?"

அவளுக்கு அன்று நான் சொன்ன பதிலில் தப்பில்லை. ஆனால் அது போதாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நான் எடுத்த எல்லா வகுப்புகளிலும் அந்தக் கேள்வி கூடவே வந்துகொண்டிருக்கிறது. இப்போது எழுதினால்தான் ஆகும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணை 'அவள்' என்றே எழுதுகிறேன். ஊர் சின்னது, பெயர் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மே மாதத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாக அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் கிடையாது. தெற்கிலிருந்து காற்று பிடிக்கத் தொடங்கும் சமயம் அது. தென்கடல் கொதித்துக்கொண்டிருக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஒன்றை ஆண்கடல் என்றும் மற்றதைப் பெண்கடல் என்றும் தீவில் ஏன் சொல்கிறார்கள் என்பது அந்த மாதத்தில் இரண்டு கரையிலும் நின்று பார்த்தால் புரிந்துவிடும். வடகடல் பக்கம், கரையிலிருந்து சில நூறு மீட்டரில், கரைக்கு இணையாகப் பவளப்பாறைத் தொடர் ஒன்று ஓடுகிறது. ஆழம் அதிகமில்லை. நாங்கள் இறங்கிய இடத்தில் 3 மீட்டர், 4 மீட்டர். தண்ணீர் அந்தமான்போல் கண்ணாடியாக இருக்காது, கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.

வாங்க வேண்டிய அனுமதிகள், பெற்றோர் கையெழுத்து, மருத்துவர் பார்த்துத் தந்த சான்று, பழைய மாணவர்கள் அனுப்பிவைத்த சின்ன அளவு டைவிங் ஜாக்கெட்டுகள், காலில் மாட்டும் ஃபின்ஸ் என்று எல்லாம் சேர மூன்று மாதம் ஆனது. உலக அளவில் பத்து வயதிலிருந்தே ஜூனியர் சான்றிதழ் பெறலாம். ஆனால் அதற்கான பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், கட்டணம் டாலர் கணக்கில். அந்தமானுக்கு விடுமுறைக்கு வரும் பெங்களூர், சென்னைப் பிள்ளைகள் நான்கு நாளில் முடித்துவிட்டு அட்டையோடு வீட்டுக்குப் போகிறார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே அவர்களுடைய சிலிண்டரைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறார்கள். எத்தனையோ நாள் அதே படகில் நானும் உட்கார்ந்திருந்தேன். அது மனதில் கிடந்து உறுத்தியதுதான் இந்த வகுப்புக்குக் காரணம்.

பலகையில் எழுதிய இரண்டு வார்த்தை

கூடவே முப்பது ஸ்லைடு கொண்டு போயிருந்தேன். பவளம் பாறை இல்லை, உயிர் என்று தொடங்கும். அதன் சதைக்குள் வாழும் நுண்பாசி, அந்தப் பாசி வெயிலில் சமைத்துத் தரும் உணவு, தண்ணீர் சூடானால் அந்தக் கூட்டு முறிந்து பவளம் வெளுத்துப் போவது, மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நடந்த பெரிய வெளுப்பு, ஆமையின் வயிற்றில் பிளாஸ்டிக் பை. கடைசி ஸ்லைடில் மூன்று கட்டளைகள்: தொடாதே, எடுக்காதே, மிதிக்காதே.

படம் போடுவதற்கு முன்னால் பலகையில் 'கடல் பாதுகாப்பு' என்று பெரிதாக எழுதி, "இதுக்கு என்ன அர்த்தம், யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். மரம் நடுவது, குப்பை போடாமல் இருப்பது என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். மூச்சைப் பற்றிக் கேட்ட அதே பெண்தான் எழுந்தாள். "தீவுப் பக்கம் போகக் கூடாதுங்கிறது, டீச்சர்." அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை, பாடத்தில் படித்ததை ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த பையன் சேர்த்துக்கொண்டான்: "ரோந்துப் படகு சத்தம் கேட்டா எல்லாரும் வள்ளத்துல ஏறிரணும்." மற்ற பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருடைய அம்மாக்கள் மூச்சைப் பிடித்து மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறவர்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர், 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பிருந்தே அந்தப் பெண்கள் அங்கே பாசி எடுத்தார்கள், தீவிலேயே நாள் கணக்கில் தங்கியும் எடுத்தார்கள். பூங்கா தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாகக் கரைக்குக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. தூத்துக்குடியில் நான் வளர்ந்த தெருவின் பழைய மதிற்சுவர்களில் இன்றைக்கும் மூளை மடிப்புப்போல் வரி ஓடிய கற்களைப் பார்க்கலாம். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லாமல் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கரைந்து தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்று கணக்குச் சொல்கிறோம், கண்ணுக்குத் தெரிபவை 19தான். காவல் இல்லாமல் விட்டிருந்தால் இன்னும் போயிருக்கும். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு 'பாதுகாப்பு' என்ற சொல் அவர்கள் அம்மாவுக்கு எதிரில் நிற்கிற சொல்லாகத்தான் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் நான் பலகையில் பெரிதாக எழுதிவைத்திருந்தேன். அன்று ஸ்லைடுகளைப் போட்டேன், பாதியில் நிறுத்தினேன். மீதியை நாளை பார்க்கலாம் என்று சொல்லி எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போய்விட்டேன்.

மூன்று மீட்டரில்

தண்ணீரில் அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. நகரத்துப் பிள்ளைகள் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே அரை நாள் ஆகும். இவர்கள் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பது எல்லாவற்றையும் ஒரே காலையில் முடித்துவிட்டார்கள். கட்டைவிரல் சைகைதான் அவர்களைப் பாடாகப் படுத்தியது. தண்ணீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள். இவர்களுக்கு அது 'சூப்பர்'. அழகான மீன் ஒன்றைப் பார்த்த பையன் கட்டைவிரலைக் காட்டுவான், நான் அவனை மேலே கூட்டிக்கொண்டு வருவேன். இரண்டு முறை இப்படி ஆன பிறகு கைவிரல்களை வட்டமாக்கிக் காட்டப் பழகினார்கள்.

மூன்றாம் நாள் பாறைக்குப் போனோம். இரண்டு இரண்டு பேராக, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பயிற்றுநர். அவள் எனக்கு வலப்பக்கம் ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். 3 மீட்டர் ஆழம். பாறையின் ஓரத்தில் மரிக்கொழுந்துப் பாசி ஒரு கொத்து ஆடிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீமிலும், நோன்புக் காலத்தில் நாம் காய்ச்சுகிற கடற்பாசியிலும் இருக்கும் அகர் கிடைப்பது இதுபோன்ற பாசிகளிலிருந்துதான். அவள் கண் அதில் பட்டதும் உடம்பே மாறியது. கால் இரண்டு உதை, கை நேராகக் கொத்துக்கு, நான் தொடாதே என்று விரலை ஆட்டுவதற்குள் கிள்ளிவிட்டாள். கிள்ளியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் ரெகுலேட்டரிலிருந்து குமிழி வரவில்லை. மூச்சைப் பிடித்திருந்தாள். கிள்ளிய கையோடு தலையை நிமிர்த்தி, மேலே பார்த்து, கிளம்பிவிட்டாள். அம்மாவோடு எத்தனை நாள் இறங்கியிருப்பாளோ, பிடி, எடு, ஏறு என்பது அவள் உடம்பில் ஒரே அசைவாக இருந்தது.

அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டை வார் என் கைக்கு எட்டியது. பிடித்து நிறுத்தி, முகத்துக்கு முகம் வைத்து, என் வாயிலிருந்து விரல்களை வெளியே விரித்துக் காட்டினேன், விடு, விடு என்று. ஒரு நொடி விழித்தாள். அப்புறம் ஒரு பெரிய குமிழிக் கொத்து அவள் வாயிலிருந்து வெடித்து என் மாஸ்க்கில் மோதி மேலே போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று இரவு வரை கை நடுங்கியது.

இதில் என்ன இவ்வளவு பயம் என்று கேட்கலாம். பாசி எடுக்கிற பெண் கரைக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்குகிறாள். இறங்க இறங்கத் தண்ணீரின் அழுத்தம் அந்தக் காற்றைச் சுருக்கும், ஏறும்போது அது பழைய அளவுக்கு வரும். கிளம்பிய அளவுக்கு மேல் அது விரியவே முடியாது. ஆகவே மூச்சைப் பிடி என்று அம்மா சொன்னது அவளுக்குச் சரியான பாடம். ஸ்கூபா அப்படி இல்லை. சிலிண்டரில் இருப்பதைப் பலர் ஆக்சிஜன் என்று நினைக்கிறார்கள், அது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்தின் அழுத்தத்தில் ரெகுலேட்டர் அதைத் தரும். 10 மீட்டரில் ஒரு நெஞ்சு நிறைய இழுத்தால், மேலே அது இரண்டு நெஞ்சுக் காற்று. பிடித்துக்கொண்டு ஏறினால் அந்தக் காற்று போவதற்கு இடமில்லாமல் விரியும். 3 மீட்டர்தானே என்று விட முடியாது, அதிலேயே 30 சதவீதம் விரியும். நுரையீரல் கிழிந்து காற்று இரத்தத்துக்குள் போக அதைவிடக் குறைவான ஆழமே போதும். முதல் நாள் அவள் கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன், பலகையில் படமும் போட்டேன். அவளுக்குப் புரியவும் செய்தது. ஆனால் உடம்பில் ஏறியிருந்தது அம்மாவின் பாடம். அந்த அம்மாவைப் பார்க்காமல் மேற்கொண்டு இறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த வீட்டுத் திண்ணை

சாயங்காலம் போனபோது அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து மாஸ்க்கின் ரப்பர் வாருக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலில் கட்டுகிற தகரத் தட்டுகள் இரண்டு. எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தட்டு கட்டிக்கொண்டு இறங்குவார்கள், அதே ஏற்பாடுதான். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகளைப் பார்த்து, "டீச்சர் சொல்றபடி செய்யணும்ல, அது வேற இது வேற" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு, எனக்கு டீ போடச் சொல்லிவிட்டு, அவராகவே சொல்லத் தொடங்கினார்.

பன்னிரண்டு வயதில் அவருடைய அம்மாவோடு இறங்கியது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவது, பாறை அப்படியும் கீறும். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. "மத்த நாளு பாசிக்கு விட்டுருவோம்." அதிலும் சித்திரை பிறந்துவிட்டால் தொடுவதில்லை, அது பாசி வளர்கிற நாள். அதனால்தான் மே மாதத்தில் வீட்டில் இருந்தார். முன்பெல்லாம் இரும்புச் சுரண்டி வைத்துப் பாறையோடு சேர்த்துச் சுரண்டியவர்களும் உண்டு, அது வேண்டாம் என்று பெண்களே உட்கார்ந்து பேசி நிறுத்தியிருக்கிறார்கள். "அடியோட பிடுங்குனா அடுத்த வருசம் எங்க போய் எடுக்குறது? மேலாப்புல கிள்ளணும். அது திரும்ப வந்துரும்." அன்று காலையில் அவள் கிள்ளியதும் அப்படித்தான். மேல் பாதிதான் அவள் கையில் இருந்தது, அடி பாறையிலேயே நின்றது. அதை நான் பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் கட்டுப்பாடுகள் யாருக்கும் தெரியாதவை அல்ல. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு இதற்காகவே 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. அந்தச் செய்தியை நானும் அப்போது படித்தேன், அந்தமானில் உட்கார்ந்துகொண்டு. என்றாலும், அதே தீவுக்கு வகுப்பெடுக்கக் கிளம்பியபோது தயாரித்த முப்பது ஸ்லைடில் அந்தப் பெண்களில் ஒருவர்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு இருந்தது, ஹவாய் ஆமை இருந்தது.

டீ குடித்து முடிக்கும்போது அவர் கேட்டார். "அந்தக் காத்த வச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் கெடக்கலாம்?" இந்த ஆழத்தில் முக்கால் மணி நேரம் தாராளமாக இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முக்கா மணி நேரம் கீழ கெடந்து என்ன பண்ணுவா?" பார்ப்பாள் என்றேன். வேறு பதில் அப்போது தோன்றவில்லை. அவர் கையில் இருந்த மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் பாசி நல்லாத் தெரியும் டீச்சர். எந்தப் பாருல எது கெடக்கும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். பாசிக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டா தெரியாது. பாக்க மூச்சு இருக்காது."

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் வகுப்பைப் பழையபடி எடுக்கவில்லை. கடலைத் தொடாதே என்று சொல்லித்தரத்தான் நான் போயிருந்தேன். எதை எவ்வளவு தொடலாம் என்பது அந்த வீட்டில் எனக்கு முன்பே இருந்தது, என்னிடம் இருந்ததைவிட நுணுக்கமாக. அவர்களுக்கு வாய்க்காதது கடலுக்கடியில் சும்மா இருந்து பார்க்கிற நேரம். முத்துக் குளித்தவர்களுக்கும் அது இருந்ததில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தத் தலைமுறை ஆட்களிடம் சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறேன். கல்லை மிதித்து இறங்கினது, கூடையில் சிப்பியை அள்ளினது, கயிற்றை ஆட்டினது, மேலே இழுத்தது என்று சொல்வார்கள். சிப்பியைச் சுற்றி என்ன இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. சிலிண்டர் என்ற அந்தக் கனத்த உலோகத்தை முதுகில் மாட்டிக்கொண்டு போவதால் கிடைக்கிற பெரிய லாபம் அந்த முக்கால் மணி நேரம்தான் என்று, பதினைந்து வருடம் அதை மாட்டிக்கொண்ட பிறகு எனக்குப் புரிந்தது.

தொங்கல்

மறுநாள் காலை 'தொடாதே, எடுக்காதே, மிதிக்காதே' ஸ்லைடை எடுத்துவிட்டேன். அந்த அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டோம். கூட இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று உலர்ந்ததைக் கொண்டுவந்து பரப்பி, எது எங்கே வளரும், எந்த மாதம் முற்றும், எப்படிக் கிள்ள வேண்டும் என்று சொன்னார்கள். பிள்ளைகள் இதெல்லாம் தெரிந்ததுதானே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் எழுதிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு நான் தர முடிந்தது வேறு. ஸ்கூபாவில் எல்லாவற்றிலும் கடினமான திறமை, மூழ்காமலும் ஏறாமலும் ஓரிடத்தில் நிற்பது. ஜாக்கெட்டில் அளவாகக் காற்று, இடுப்பில் அளவான எடை, மீதியை மூச்சு பார்த்துக்கொள்ளும். நிதானமாக இழுத்தால் உடம்பு ஒரு சாண் ஏறும், விட்டால் ஒரு சாண் இறங்கும். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று 'நடுமிதப்பு', 'மிதப்புச் சமநிலை' என்றெல்லாம் எழுதிவைத்திருந்தேன். பிள்ளைகள் இரண்டே நாளில் அதற்குத் 'தொங்கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டீச்சர், நான் அஞ்சு நிமிசம் தொங்குனேன்." அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை, இப்போது நானும் அதையேதான் சொல்லித்தருகிறேன்.

பவளத்தைக் காப்பாற்றுவது பற்றி எவ்வளவு பேசினாலும், தொங்கத் தெரியாதவரைப் பாறைமேல் இறக்கிவிட்டால் எல்லாம் வீண். சுற்றுலாப் பருவத்தில் ஒரே நாளில் நாற்பது பேர் இறங்குகிற இடங்களில், பயிற்றுநர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போக, வந்தவர்களின் ஃபின்ஸ் கீழே இருக்கும் கிளைப்பவளங்களை ஒடித்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். உருண்டையாக வளரும் பவளம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு உதையில் போவது எத்தனை வருடத்து வளர்ச்சி என்பதை, அந்த நாட்களில் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பிள்ளைகளை ஒரு வாரம் தொங்கத்தான் பழக்கினோம். பிறகு பிவிசி குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் செய்து, ஜோடிக்கு ஒன்றாகப் பாறையை ஒட்டிய மணலில் வைத்தோம். வேலை இவ்வளவுதான்: அந்தச் சதுரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு, பத்து நிமிடம், உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுதலாம், தண்ணீருக்கடியில் அழியாது. முதல் நாள் சிலேட்டுகளில் 'கல், மணல், பாசி' என்றுதான் இருந்தது. நான்காம் நாள் வரிகள் நீண்டன. ஓரா மீன் கூட்டமாக வந்து பாசியை மேய்ந்துவிட்டுப் போகிறது. நவரை மீசையால் மணலைக் கிளறுகிறது, அது கிளறிய இடத்துக்குப் பின்னாலேயே வேறொரு மீன் வந்து பொறுக்குகிறது. கல் என்று நினைத்தது கணவாய். ஒரு பையன் கடல் அட்டை மணலை ஒரு பக்கம் தின்று மறுபக்கம் கயிறு கயிறாக விடுவதைப் பத்து நிமிடமும் பார்த்துவிட்டு வந்து, "அது மண்ணக் கழுவுது டீச்சர்" என்றான். 2001 முதல் அட்டை பிடிக்கத் தடை என்பதும், பிடித்தால் வழக்கு என்பதும் அவனுக்கு முன்பே தெரியும். அது என்ன வேலை செய்கிறது என்று அன்றுதான் பார்த்தான். நைலான் வலைத் துண்டுகள் மாட்டிய பாறைகளையும் குறித்தார்கள். யார் வலை என்று முடிச்சைப் பார்த்தே அவர்களால் சொல்ல முடிந்தது. அதை வெட்டி எடுக்கும்போது பவளம் உடையாமல் எப்படி வெட்டுவது என்பதை நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.

மாதக் கடைசியில் அவளுடைய சதுரத்தில் ஒரு மாற்றம். முதலில் தேன் நிறத்தில் இருந்த ஒரு உருண்டைப் பவளத்தின் தலைப்பக்கம் வெளிறியிருந்தது. என் கையில் இருந்த டைவ் கம்ப்யூட்டர் 32 டிகிரி காட்டியது. காற்று ஓய்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. மேலே வந்ததும் கேட்டாள். "செத்துப்போச்சா டீச்சர்?" இன்னும் இல்லை என்றேன். சூடு தாங்காமல் உள்ளே இருந்த பாசியை வெளியேற்றிவிட்டது, சீக்கிரம் காற்று அடித்துத் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வரலாம், வராவிட்டால் பட்டினியில் செத்துவிடும், 2016-இல் இந்தக் கடலில் அப்படி நிறையச் செத்தது என்று சொன்னேன். வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஃபின்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "யாரு தொட்டா?"

யாரும் தொடவில்லை என்றேன். "தொடாமயேவா?" என்றாள். ஆமாம், தொடாமலே. இது எப்படி நடக்கிறது என்பதை, பத்து வருடமாக அழகாகச் சொல்லத் தெரிந்த நான், அந்த வள்ளத்தில் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். எங்கேயோ எரிகிற நிலக்கரி, பெட்ரோல், காற்றில் சேர்கிற கரி, அது பிடித்துவைக்கிற சூடு, அந்தச் சூட்டில் பெரும்பங்கைக் கடல் வாங்கிக்கொள்வது. அவள் அம்மா துணி சுற்றிய விரலால் மேலாப்பில் கிள்ளிய பாசிக்கும் இந்த வெளுப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் எப்படியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைய சிலேட்டில் 'வெள்ளை, யாரும் தொடவில்லை' என்று தேதி போட்டு எழுதிவைத்தாள்.

கடைசி நாள் பெற்றோர்கள் வள்ளத்தில் கூட வந்தார்கள். அவள் அம்மா மாஸ்க்கும் தகரத் தட்டும் கொண்டுவந்திருந்தார். இறங்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஒன்றை மட்டும் சொன்னேன். கீழே போய் மகளிடம் காற்று வாங்கி இழுத்துவிடக் கூடாது, மேலேயிருந்து கொண்டுபோன மூச்சோடுதான் திரும்ப வர வேண்டும். "அவ காத்து எனக்கு எதுக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகி, மேலே போட்டிருந்த சட்டையின் பொத்தானைச் சரிபார்த்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனார்.

நான் மேலேயிருந்து முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அவள் சதுரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தாள், கைகளை மார்பில் கட்டி, ஒழுங்காகக் குமிழி விட்டுக்கொண்டு. அம்மா நேராக அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் ஓரிடத்தைக் காட்டினாள். அம்மா பார்த்தார், மேலே வந்தார், மூச்சு வாங்கினார், திரும்ப இறங்கினார். அவள் வேறொன்றைக் காட்டினாள். ஏழு முறை இப்படி. ஒரு முறைகூட அம்மாவின் கை பாசிப் பக்கம் போகவில்லை. இடுப்பில் வலைப்பையும் இல்லை.

ஏழாவது முறை மேலே வந்தவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "அந்த வெள்ளக் கல்லுக்கு அடியில ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கு. மீனா என்னான்னு தெரியல. அவ வரட்டும், கேக்கணும்."

அவள் சிலிண்டரில் இன்னும் பாதிக் காற்று இருந்தது. காத்திருந்தோம்.